ஏழாம் அறையில் இன்னும் ஒருவர்

இது நடந்தது. நாள், மணி, நிமிடம், சில இடங்களில் வினாடி வரைக்கும் கணக்காகச் சொல்கிறேன். கிடங்கின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அதன் முதலாளி மாதச் சம்பளத்துக்கு ஒரு வக்கீலை வைத்திருக்கிறார், அந்த மனிதருக்கும் வேலை இல்லாமல் கை அரிக்கிறது. நம்பலாமா வேண்டாமா என்று பேரம் பேச வந்தவர்கள் அடுத்த கடை பார்க்கலாம். இங்கே ஒரே விலை.

பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, புளியமரம் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் ஏமாற்றம்தான். இது காலை ஒன்பது மணிக்கு நடந்தது. போன வருஷம் மே மாதம், ஒரு வியாழக்கிழமை. சூலூரைத் தாண்டி, விசைத்தறிச் சத்தம் ஓயும் இடத்தில், வாழைக்காயைப் பழுக்க வைக்கும் கிடங்கு. வெளியே வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே நீளமான ஒரு நடை. ஜன்னல் கிடையாது. நடையின் இரண்டு பக்கமும் நாலு நாலாக எட்டு அறைகள். ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய கிரேட்டுகளில் பச்சை மோரிஸ் காய். காற்றுப் புகாத இழுவைக் கதவு. பூட்டிவிட்டால், உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது.

அந்த எட்டு அறைகளையும் நடத்துவது நடையின் கோடியில் இருக்கும் ஒரு சர்வர். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவள் கரோலின். வயது முப்பத்தொன்று. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அவிநாசிப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டிச் சுமந்தவர்கள். மகள் அதே வாழையைக் கீபோர்டில் பழுக்க வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குரலெடுத்துப் பாடுவாள். மற்ற ஆறு நாளும் அந்தக் குரல் மேனேஜர் சசிதருக்கு.

சர்வருக்குள் ஆறு சர்வீஸ்கள் ஓயாமல் ஓடும். பில் போடுவது ஒன்று. காயைப் பழுக்க வைக்கும் வாயுவை விடுவது ஒன்று. எந்த அறைக்குள் எத்தனை பேர் என்று எண்ணுவது ஒன்று. ஒவ்வொரு கதவிலும் இடுப்பு உயரத்தில் ஓர் ஒளிக்கதிர் உண்டு, அதை வெட்டிக்கொண்டு உள்ளே போனால் ஒன்று கூட்டும், வெளியே வந்தால் ஒன்று கழிக்கும், கதவுக்கு மேல் ஒரு பலகையில் அந்த எண் சிவப்பாகத் தெரியும். அப்புறம் கதவுக்கு ஒன்று. காற்றாடிக்கு ஒன்று. இவை அத்தனையும் சொல்வதை எழுதி வைக்கும் டேட்டாபேஸ் ஒன்று.

கரோலினுக்கு முன்னால் இருந்தவர்கள் இதையெல்லாம் திறக்கத் தெரிந்தவர்கள், மூடத் தெரியாதவர்கள். மாதம் ஒருநாள் ஈ.பி.காரர்கள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, அன்றைக்கு சர்வரையும் நிறுத்தியாக வேண்டும். எந்த சர்வீஸ் முதலில் நிற்க வேண்டும், எது கடைசியில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே ஆறும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்து ஓடின. டேட்டாபேஸ் முந்திக்கொண்டு போய்விடும். மற்றவை எழுத இடமில்லாமல் திண்டாடி, தொண்ணூறு வினாடி முரண்டு பிடித்து, கடைசியில் அடித்து நிறுத்தப்படும். பந்தி நடக்கும்போதே சமையல்காரரும் பாத்திரக்காரரும் வண்டி ஏறிவிட்ட கல்யாணம் மாதிரி. சாயங்காலம் திரும்ப இயக்கினால் எந்த அறைக்கு எத்தனையாவது நாள் என்றே தெரியாது. இரண்டு மாதம் அப்படி ஆகி, ஒரு லோடு முழுவதும் கறுத்துப் போயிற்று.

கரோலின் உட்கார்ந்து வரிசை எழுதினாள். விஷயம் எளிது. திறக்கும்போது யாருக்குப் பின்னால் யார் என்று ஒவ்வொரு சர்வீஸின் கோப்பிலும் ஒரு வரி எழுதினால் போதும். மூடும்போது அது தானாகத் தலைகீழாகும். முதலில் வந்தது கடைசியில் போகும். முன்னால் நிற்பது முழுசாகப் போன பிறகுதான் அடுத்தது அசையும். இப்படி: பில், வாயு, ஆள் கணக்கு, கதவு, காற்றாடி, எல்லாவற்றுக்கும் கடைசியில் டேட்டாபேஸ். ஒவ்வொன்றுக்கும் தொண்ணூறு வினாடி அவகாசம். மீறினால் அடி.

அந்த வரிசைக்கு அன்றுதான் முதல் நாள்.

ஷட்டவுன் நாளுக்கென்று அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி கண்டுபிடித்தது. காலை ஆறு மணியிலிருந்தே அறைகளைக் கூடுதலாகக் குளிர வைப்பது, 8.55க்குக் கதவுகளைப் பூட்டுவது, நாலு மணி வரைக்கும் யாரும் தொடாமல் இருப்பது. ஜெனரேட்டர் டீசல் மிச்சம். "ஒருக்காத் திறந்தா ரெண்டு டிகிரி போயிருமுங்க" என்பதுதான் அன்றைக்கெல்லாம் சசிதரின் காலை வணக்கம். ஏழு மணி நேரம் காற்றாடி ஓடாமல், பச்சைக்காய் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும் அறை அது. அதற்குள் மனிதர் மாட்டிக்கொண்டால் நாலு மணிக்குத் திறப்பவர் பார்ப்பது உயிருள்ள மனிதராக இருக்காது. அதற்காகத்தான் ஆள் கணக்கு.

காலை 8.52.

எட்டு அறையும் பூஜ்யம் என்று திரையில் பார்த்து, கரோலின் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள். மூடி கையில் இருக்கும்போதே ஓர் எண் மாறியது.

ஏழாம் அறை. உள்ளே: 1. நேரம் 8.52.14.

நடைக்கு வந்தாள். யாரும் இல்லை. கோடியில் எலெக்ட்ரீஷியன் ரசாக் மட்டும் பியூஸ் பெட்டியோடு நின்றிருந்தார்.

"ரசாக் பாய், ஏழுல யாராச்சும் போனாங்களா?"

"இல்லீங்களே அம்மணி. நான் இங்கயேதான் நிக்கறேன். எட்டு ரூம் காத்தாடிப் பியூசும் கழட்டிப்போட்டேன், கரண்ட் திரும்பி வாரப்ப மோட்டார் வெந்துறக் கூடாதுன்னு."

ஏழாம் அறையின் வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "யாருங்க உள்ள?" கிரேட்டுகள். பச்சை. குளிர். பதில் இல்லை. அடுக்குக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிடலாம் என்று காலை எடுத்து வைக்கும்போது புஸ்ஸ்ஸ் என்று சத்தம். கதவு அவளைத் தள்ளாத குறையாக நகர்ந்தது. பின்னுக்குக் குதித்தாள்.

8.55. சசிதர் பொத்தானை அழுத்திவிட்டார்.

"சார்! ஏழுல ஒண்ணு காட்டுதுங்க!"

"சென்சார்ல பூச்சி ஊர்ந்திருக்குமுங்க மேடம். போன மாசம் பல்லி ஒண்ணு நாலுவாட்டி உள்ள போயி மூணுவாட்டி வெளிய வந்துச்சு. வாங்க, ஈ.பி.காரன் நமக்காக நிக்க மாட்டான்."

"திறந்து பார்த்துப்போட்டுப் பூட்டலாங்க. ஒரு நிமிஷம்."

"ரெண்டு டிகிரிங்க."

சர்வர் அறைக்குள் அவளுக்கு முன்னால் நுழைந்தவர் அவர்தான். திரையில் நிறுத்தும் கட்டளை தயாராக இருந்தது. கையை நீட்டி, தானே தட்டினார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் அவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு வேலையும் செய்ததில்லை.

8.56.05. பில், நின்றது.

8.56.07. வாயு, நின்றது.

8.56.08. ஆள் கணக்கு, நிறுத்தக் காத்திருக்கிறது.

பக்கத்தில் வினாடி ஓட ஆரம்பித்தது. 10… 20… 30… அதற்குப் பின்னால் கதவும் காற்றாடியும் டேட்டாபேஸும் வரிசையில் நின்றன. அசையவில்லை. முன்னால் இருப்பது போகாமல் அவை போகாது. அவள் எழுதிய வரிசை அது.

"ஏனுங்க இது நிக்க மாட்டேங்குது?"

"தொண்ணூறு ஆச்சுன்னா அடிச்சு நிறுத்திருமுங்க" என்றாள் கரோலின். உள்ளே நிஜமாகவே ஆள் இருந்தால்?

70… 80… 89…

90.

அடிக்கவில்லை.

91. 92. வினாடிக்குப் பக்கத்தில் வழக்கமாக அவகாசம் தெரியும் இடத்தில் வேறு ஏதோ இருந்தது. கரோலின் குனிந்து படித்தாள்.

வரம்பு இல்லை.

அவள் அப்படி எழுதவில்லை. எதற்கும் எழுதவில்லை.

9.00.00. ஈ.பி.காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேரம் தவறாதவர்கள். விளக்கு போயிற்று. ஏ.சி. போயிற்று. நடையில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை இரைச்சலும் ஒரேயடியாக அறுந்தது. வெளியே பட்டப்பகல், உள்ளே கண்ணுக்கு முன்னால் கை தெரியவில்லை. சர்வரும் கதவுப் பூட்டுகளும் பலகைகளும் மட்டும் யூ.பி.எஸ்ஸில் ஓடின.

பீப். பத்து வினாடிக்கு ஒருமுறை, பீப்.

"பேட்டரி எத்தனை நேரமுங்க வரும்?" என்று கேட்டார் சசிதர்.

ரசாக் எமர்ஜென்சி விளக்கோடு வந்து நின்றார். "எட்டு நிமிஷமுங்க சார். அதுவும் மனசு வெச்சா."

சசிதர் போனை எடுத்து முதலாளியைப் பிடித்தார். இரண்டு முறை 'சரிங்க', மூன்று முறை 'ஆமாங்க'. வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கணக்குச் சர்வீஸைக் கொன்னுபோட்டு மத்ததை நிறுத்தச் சொல்றாருங்க. டேட்டா போச்சுன்னா நீங்களும் நாளைக்கு வர வேண்டாம்னு சொல்றாரு."

"உள்ள ஆளிருந்தா?"

"பூச்சிங்க மேடம்!"

"சரிங்க. பூச்சி வெளிய வரட்டும், நிறுத்தறேன்."

சசிதர் அவளைத் தள்ளிக்கொண்டு கீபோர்டுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டளை, அதுவும் கொல்லும் கட்டளை. அடித்தார். ஆள் கணக்கு திரையிலிருந்து மறைந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

திரும்ப வந்தது.

எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் எதுவும் புதிதாகக் கிளம்பக் கூடாது. அது விதி. அவர் மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் புது அடையாள எண்ணில். ஆனால் கிளம்பிய நேரம் என்று அது காட்டியது மட்டும் மாறவே இல்லை.

8.52.14.

8.52.14.

8.52.14.

9.08. எட்டு நிமிஷம் முடிந்தது.

யூ.பி.எஸ்ஸின் முகப்பில் மீதி: 0.

பீப் நின்றுவிட்டது. சர்வர் நிற்கவில்லை.

9.09.

சசிதர் கீபோர்டை விட்டு ஒதுங்கிக் கரோலினுக்கு இடம் விட்டார். வாழ்க்கையில் முதல்முறை.

அப்போதுதான் கேட்டது… உர்ர்ர்ர்…

மெதுவாக. சீராக. நடையிலிருந்து.

மூவரும் வெளியே வந்தார்கள். இருட்டில் எட்டுப் பலகைகள். ஏழு பூஜ்யம். ஒன்றில் மட்டும் 1. சத்தம் அந்தக் கதவுக்குள்ளிருந்து. ரசாக் காதை வைத்தார். காதை எடுத்தார்.

"காத்தாடி ஓடுதுங்க."

"கரண்டே இல்லீங்களே பாய்."

ரசாக் சட்டைப் பையில் கைவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையைக் காட்டினார். பீங்கான் பியூஸ் ஒன்று. மேலே பென்சிலில் '7'.

"இது இங்க இருக்குது. அது எப்புடிங்க ஓடும்?"

சசிதர் இரண்டடி பின்னால் போனார். "நாலு மணிக்கு வந்து பாத்துக்கலாங்க… எல்லாரும் வெளிய போயிரலாம்…"

"நீங்க போங்க சார்" என்றாள் கரோலின். "வெளிய வெயிலு நல்லா அடிக்குது. காயலாம்."

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவளுக்குக் கோபம் பயத்துக்கு ஒரு பிடி மேலே நின்றது. சர்வர் அறைக்குத் திரும்பி ஓடினாள். வரிசையில் கதவு இன்னும் உயிரோடு இருந்தது. ஆள் கணக்கு போகாதவரை அது போகாது. ஏழாம் கதவுக்குத் திறக்கும் கட்டளை கொடுத்தாள். நடையில் 'ளக்' என்று தாழ் விலகியது.

கதவின் முன்னால் வந்து நின்றாள். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாது. ஆனாலும் மரியாதையை விட முடியவில்லை.

"ஏனுங்க… நீங்க யாருன்னு எனக்குத் தெரியலீங்க. நான் உள்ள வாரேன். ஆளை வெளிய கொண்டுவந்துபோட்டு நானே நிறுத்தறேன். அதுவரைக்கும் நீங்களும் நிறுத்தீராதீங்க. சரிங்களா?"

உர்ர்ர்ர்…

காற்றாடிச் சத்தம் கொஞ்சம் கூடியது.

"யா அல்லா" என்றார் ரசாக். ஆனால் கதவில் கை வைத்தது அவர்தான். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். குளிர் முகத்தில் அறைந்தது. முதலில் அவள். பின்னால் அவர்.

கிரேட்டுகள்.

இன்னும் கிரேட்டுகள்.

கடைசி அடுக்குக்குப் பின்னால்… ஒரு கால்.

சுப்பாத்தாள். அறை கழுவும் அம்மாள். காலிச் சாக்குகளின் மேல் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு நீலம். காற்றாடி நேராக அவள் முகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

"அக்கா! சுப்பாத்தாக்கா!"

பதிலில்லை. மூக்கில் விரல். மூச்சு… இருந்தது. நூல் மாதிரி.

ரசாக் தோளைப் பிடித்தார். கரோலின் காலை. தூக்கினார்கள். இரண்டு முறை இடறினார்கள். கதவைத் தாண்டினார்கள்.

பலகையில் எண் இறங்கியது.

3.

2.

1.

0.

அந்த நொடியே சர்வர் அறையின் திறந்த கதவு வழியாக, திரையில், கரோலின் பார்த்தாள்.

ஆள் கணக்கு, நின்றது.

கதவு, நின்றது.

காற்றாடி, நின்றது.

டேட்டாபேஸ், நின்றது.

அவள் எழுதிய அதே வரிசை. ஒன்றன் பின் ஒன்றாக. ஒரு பிசகு இல்லை.

9.16.40. சர்வர் அணைந்தது. பலகைகள் அணைந்தன. ஏழாம் அறைக்குள் காற்றாடி… உர்ர்… உர்… என்று தேய்ந்து… நின்றது.

*

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் நீங்கள் என்னிடம் வர வேண்டியதே இல்லை என்று டாக்டர் சொன்னார். மறுநாள் காலை சுப்பாத்தாள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். டீ தண்ணியாக இருக்கிறது என்று திட்டவும் திட்டினாள். பிழைத்துவிட்டாள் என்று கரோலின் அப்போதுதான் நம்பினாள்.

"எப்பங்கக்கா உள்ள போனீங்க? 8.52க்குத்தான?"

"அது எட்டேகாலுக்கெல்லாம் போயிட்டேன் கண்ணு. ஊட்டுல ராத்திரி பூரா தூக்கமில்ல. தரையைத் தொடச்சுப்போட்டு, சில்லுன்னு இருக்குதேன்னு ஒரு நிமிஷம் சாஞ்சேன். அவ்வளவுதான் தெரியும்."

"எட்டேகாலா? எட்டேகாலுக்குக் கணக்குல ஒண்ணும் ஏறலீங்களே?"

சுப்பாத்தாள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சிரித்தாள்.

"அதெப்படி ஏறும்? பத்து நிமிஷத்துக்கு மேல உள்ள இருந்தா அந்தச் சசிதரோட ஸ்கிரீன்ல எங்க பேருக்குச் செவப்பு விழுகுதாமா. 'குளுகுளுன்னு சொகுசா இருக்குதுங்களா'ன்னு நாலு பேருக்கு முன்னால கேப்பான். பொம்பளைங்க நாங்க எல்லாரும் அந்த வெளிச்சத்துக்குக் கீழ குனிஞ்சுதான் போவோம். கணக்குலயே விழுகறதில்ல. வருஷக்கணக்கா அப்புடித்தான். நேத்தும் குனிஞ்சுதான் போனேன்."

கரோலின் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

நிதானமாக எண்ணிப் பார்த்தாள். நீங்களும் எண்ணிப் பாருங்கள், கடினமான கணக்கு இல்லை. சுப்பாத்தாள் கணக்கில் விழவில்லை. ஆனால் பலகை 1 காட்டியது. கரோலினும் ரசாக்கும் உள்ளே போனதும் மூன்று. வெளியே வந்தது கரோலின், ரசாக், அவர்கள் தூக்கி வந்த சுப்பாத்தாள், மூன்று பேர். எண் பூஜ்யத்துக்கு வந்தது. எண் சரி.

அப்படியானால் 8.52.14க்கு, குனியாமல், நிமிர்ந்து, ஏழாம் அறைக்குள் போனவர்…

இன்னும் வெளியே வரவில்லை.

அன்று மதியமே அவள் ஆள் கணக்கு நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். உள்ளே ஆள் இருந்தால் காத்திரு என்று அதில் எங்கேயும் இல்லை. எழுதிய யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான். அவகாசம், அவள் எழுதியபடியே, தொண்ணூறு வினாடி.

*

முதலாளி சனிக்கிழமை வந்தார். சசிதர் கையில் தட்டச்சு செய்த தாள். சென்சார் கோளாறு, ஊழியர் விதிமீறி உறங்கியதால் மயக்கம், நிர்வாகம் உடனே மீட்டது. கீழே கரோலின் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள். நல்ல பெரிய இடம்.

"இது நடக்கலீங்க" என்றாள் கரோலின்.

"ஒரு கையெழுத்துத்தானுங்க மேடம்."

"அப்ப நீங்களே போடுங்க. நீங்கதான மீட்டீங்க? வெயில்ல நின்னு."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். வேலை போய்விடும் என்பதை மிக மரியாதையாகச் சொன்னார். கரோலினும் அதே மரியாதையோடு, அந்த இருபது நிமிஷத்தின் பதிவு முழுவதும் தன்னிடம் ஒரு பிரதி இருப்பதைச் சொன்னாள். கூடவே தனக்கு வேண்டியதையும் சொன்னாள். ஒருவர் உள்ளே இருந்தாலும் எதுவும் நிற்காது என்று நிரலில் எழுதுவேன். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி வையுங்கள். பத்து நிமிஷச் சிவப்பை எடுங்கள்.

"கைப்பிடி வெச்சுரலாம்" என்றார் முதலாளி. "பத்து நிமிஷம் இருக்கட்டுமே."

வாசலில் இருந்து சுப்பாத்தாளின் குரல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். பின்னால் அறை கழுவும் பெண்கள் ஆறு பேர்.

"அதை எடுங்க மொதல்ல. நாங்க நிமிந்து போறோம்."

ரசாக் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். முதலாளி வியாபாரி, சரக்கு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். தாள் மடிந்து சசிதரின் பைக்குள் போயிற்று.

ஜூன் மாத ஷட்டவுன் வந்தது. 8.50க்கு எல்லோரும் வெளியே வந்தார்கள், நிமிர்ந்து. எட்டுப் பலகையிலும் பூஜ்யம். ஏழு கதவுகள் பூட்டிக்கொண்டன. ஏழாம் அறையை மட்டும் கரோலின் பூட்ட விடவில்லை. வாசலில் நின்று, உள்ளே இருந்த பச்சையைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏனுங்க… போன மாசம் எங்களுக்காக நின்னீங்க. மறக்கலீங்க. இப்பப் பூட்டப் போறோம். வாரதுன்னா வாங்க. இருக்கறதுன்னாலும் இருங்க. ஆனா உங்களை உள்ள வெச்சுத் தெரியாம பூட்டினேன்னு ஆகக் கூடாது."

சசிதர் சிரிக்க வாயைத் திறந்தார்.

குளிர் ஒன்று அவர்கள் நடுவே மெதுவாக நகர்ந்தது… ஆள் அகலத்துக்கு.

டிக்.

பலகையில் பூஜ்யம் போயிற்று.

−1.

8.54.30.

சுப்பாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வழிவிடுவது போல் ஓரடி ஒதுங்கி நின்றாள். கரோலின் கதவைப் பூட்டினாள். 8.56க்குக் கட்டளை கொடுத்தாள். ஆறு சர்வீஸ். வரிசையாக. நாலே வினாடி. எதுவும் காத்திருக்கவில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்து சர்வரை இயக்கியதும் பலகை வழக்கம்போல் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. ஆனால் காலைப் பதிவின் கடைசி வரியில் அது இருந்தது. சசிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தார்.

"இதை மட்டும் பூஜ்யம்னு திருத்தீருங்களேன் மேடம். ஆடிட்டுல கேப்பாங்க."

"மாத்த மாட்டனுங்க சார். நடந்தது அதுதான்."

"கதவு தாண்டி வெளிய வந்துச்சுங்க, சரி. மெயின் கேட்டுக் கணக்குல ஒருத்தரும் கூடவும் இல்ல, குறையவும் இல்லீங்களே. அப்ப வெளிய வந்தது… இப்ப எங்கீங்க நிக்குது?"

கரோலின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்களே கேட்டுப் பாருங்க சார். உங்க நாற்காலிக்குப் பின்னாலதான் சில்லுன்னு இருக்குது."

சசிதர் திரும்பவில்லை. எழுந்தார். அந்த நடையின் மறுகோடி வரைக்கும், தலையை ஒரு பக்கமும் அசைக்காமல், நேராகப் பார்த்தபடியே நடந்து போனார்.

கரோலின் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒருவர்தான் நடந்தார். செருப்புச் சத்தம் இரண்டு பேருடையது.